ஒற்றை ஷூ

டொலீடோவில் பிப்ரவரி.
லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில்
பதினேழு சின்னக் கோட்டுகள்
சொட்டிக்கொண்டிருக்கின்றன கொக்கிகளில்.
உருகிய பனி தரையெல்லாம் ஓடுகிறது.
துடைப்பது என் முதல் வேலை.

இரவு முழுக்க மருத்துவமனையில் இரத்தம் எடுப்பவள் நான்.
கையை நீட்டுங்க, விரலை மடக்குங்க,
எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று
ஒரே பொய்யை நாற்பது பேரிடம் சொல்லிவிட்டு
தூங்காத கண்ணோடு இங்கே வருகிறேன்,
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்.

ரெனாட்டா என்று எழுதி மார்பில் ஒட்டியிருக்கிறேன்.
இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாது.
பிள்ளைகள் வைத்த பெயர் செவ்வாய்.
செவ்வாய், மூக்கு ஒழுகுது.
செவ்வாய், அவ என் பச்சையை எடுத்துக்கிட்டா.
எனக்கு முன்பு வந்த கல்லூரிப் பெண்ணும் செவ்வாய்தானாம்.
அவளுக்கு முன்பு மீசை வைத்த ஒரு செவ்வாய்.
ஆட்கள் போவார்கள், கிழமை வரும்.
நான்கு வயதில் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

முதல் வாரம் ஒரு பை நிறையக் கதைப்புத்தகம் கொண்டுவந்தேன்.
கரடிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல்,
காரிலேயே ஒத்திகை.
மிஸ் ப்ரூயிட் பையை வாங்கி அலமாரி மேல் வைத்தார்.
"ஜிப் போட வருமா?" என்றார்.

பதினேழு ஜிப். முப்பத்துநான்கு கையுறை,
அதில் என்றும் ஒன்று காணாது.
மாட்ட இருபது நிமிடம், விளையாடப் பத்து,
கழற்ற மறுபடி இருபது.
இந்தக் கணக்கில் எங்கோ ஒரு கல்வி இருக்கிறது
என்று மிஸ் ப்ரூயிட் நம்புகிறார்.
நானும்,
சில செவ்வாய்களில்.

மதியம் மடக்குக் கட்டில்கள்.
விளக்கை அணைத்தால்
பதினாறு பேர் காலுறையோடு படுப்பார்கள்,
டேவியன் மட்டும் ஷூவோடு.

ஆகஸ்டிலிருந்து மூன்று வீடு மாறியிருக்கிறான்.
அதில் ஒன்று வீடே இல்லை, அத்தையின் கார்.
கடைசியாகக் கிளம்பியது நடுராத்திரியில்,
ஷூ தேட நேரமில்லாமல்.
இதையெல்லாம் அவன் சொல்லவில்லை.
கோப்பில் இருந்தது.
கோப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

நான் எதுவும் கேட்பதில்லை.
கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து
அவன் முதுகில் கையை வைத்திருப்பேன், அவ்வளவுதான்.
யாரைத் தொட்டாலும் நரம்பு தேடுகிற கை இது.
இங்கே எடுக்க ஒன்றுமில்லை, சும்மா இரு என்று
அதற்குப் புரியவைக்கவே
நவம்பர் முழுதும் போயிற்று.

இன்று
விளக்கணைத்துப் பத்து நிமிடம் இருக்கும்.
வெல்க்ரோ பிரிகிற சத்தம்.
அந்த இருட்டில் ஒரு கூரையே பிய்த்துக்கொண்டது போல.
மிஸ் ப்ரூயிட் நிமிர்ந்தார்,
பார்த்தார்,
பார்க்காதவர்போல் குனிந்துகொண்டார்.

இடது ஷூவை என் மடியில் வைத்தான்.
"பிடிச்சுக்கோ. கீழ வைக்காதே."
வலதைக் கழற்றவில்லை.

பிடித்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே, நாக்கில், வேறொரு பையனின் பெயர்
மையால் எழுதி மையாலேயே அடித்திருந்தது.
குதிகால் பக்கம் இன்னும் ஈரம்.
என் கால் மரத்துப்போயிற்று.
தும்மல் வந்தது, விழுங்கினேன்.
ஒருவர் தூங்குவதற்காக
இவ்வளவு கெட்டியாக எதையும் நான் பிடித்ததில்லை,
கையளவுகூட இல்லை அது.

விழித்ததும் முதலில் ஷூவைத் தேடினான்.
பிறகு என் முகத்தை.
பிறகு காலை நீட்டினான்,
எனக்கு அதைவிட வேறென்ன வேலை என்பதுபோல.

"நாளைக்கும் நீதானே பிடிச்சுக்குவே?"

நாளை புதன்.

வெல்க்ரோவை ஒட்டினேன்,
சரியாக ஒட்டவில்லை என்று
பிரித்து
மறுபடி ஒட்டினேன்.